குன்னூர் பழைய புத்தகக் கடையும் லம்லி பிரபுவின் நூலகமும்

தேயிலைத் தோட்ட பங்களாக்கள் கைமாறும்போது அவற்றிலுள்ள புத்தகங்களை மொத்தமாக வாங்கி விற்கும் கடை ஒன்று மேல் குன்னூரில் இருக்கிறது. பழைய புத்தகம் விற்பவர்களில் பலர், முன்பு வைத்திருந்தவரின் பெயர் எழுதிய தாளைக் கிழித்துவிடுவார்கள். நூல் புதிதுபோலத் தெரிந்தால்தான் விலைபோகும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கடைக்காரர் கையெழுத்து, பரிசுச் சீட்டு, முத்திரை எதையும் தொடுவதில்லை. எந்த வீட்டிலிருந்து எந்தெந்த நூல்கள் வந்தன என்பதை ஒரு நோட்டில் பதிந்து, அவற்றைக் கூடுமானவரை ஒரே அலமாரியில் வைக்கிறார். இக்கடையை நான் உயர்வாக மதிப்பதற்கு முதற்காரணம் இதுவே.

இந்த வழக்கத்தின் அருமையை உணர்த்தியதும் இங்கே வாங்கிய நூல்தான். இங்கிலாந்தின் ஜான் லம்லி பிரபுவினுடைய நூலகத்துக்கு 1609-இல் எழுதப்பட்ட பட்டியலை பிரிட்டிஷ் மியூசியம் 1956-இல் பதிப்பித்தது. அந்தப் பதிப்பின் பிரதி ஒன்று இங்கே கிடைத்தது. லம்லியின் வாழ்க்கை துயரம் மிகுந்தது. எட்டாம் ஹென்றிக்கு எதிராக வடக்கில் எழுந்த கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக அவருடைய தந்தைக்கு 1537-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சிறுவனாக இருந்த லம்லிக்குக் குடும்பப் பட்டம் பத்தாண்டுகள் கழித்தே திரும்பக் கிடைத்தது. பின்னர் முதலாம் எலிசபெத்துக்கு எதிரான ரிடோல்ஃபி சதியில் சிக்கி, 1571 முதல் 1573 வரை சிறையிலிருந்தார். பிறந்த குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துபோயின. அவருடைய முதல் மனைவி ஜேன், கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் நாடகம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். கிரேக்க நாடகம் ஒன்றின் ஆங்கில வடிவங்களில் இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் அதுவே மிகப் பழையது. அந்தக் கைப்பிரதி தப்பிப் பிழைத்ததே இந்த நூலகத்தில் இருந்ததால்தான்.

மாமனாரான அரண்டல் பிரபு 1580-இல் இறந்தபோது, நான்சச் அரண்மனையும் அங்கிருந்த நூல்களும் லம்லிக்கு வந்தன. இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயராக இருந்த கிரான்மரிடமிருந்து பறிமுதலான நூல்கள் பலவும் அவற்றுள் அடக்கம். கடனைத் தீர்க்க அரண்மனையை 1592-இல் அரசிக்குக் கொடுத்துவிட்ட லம்லி, நூல்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ 3,000 நூல்கள் இறையியல், வரலாறு, மருத்துவம், சட்டம், புவியியல், இசை எனத் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1609-இல் அவர் மறைந்தபின் அவை முதலாம் ஜேம்ஸ் மன்னரின் மகனான இளவரசர் ஹென்றியிடம் சென்றன. பல நூல்களுக்கு இளவரசரின் சின்னத்தோடு புதிய அட்டை போடப்பட்டது. பிறகு அரச நூலகத்தோடு கலந்து, 1757-இல் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தன. அங்கும் ஒரே நூலுக்கு இரண்டு படிகள் இருந்தால் ஒன்றை விற்றார்கள். அட்டை மாறி, இடம் மாறிச் சிதறிய நூல்களை இன்றும் லம்லியுடையவை என்று அறிய முடிவது, தலைப்புப் பக்கத்தின் அடியில் அவர் எழுதிய பெயரால்தான். கிரான்மரின் நூல்களும் அவ்வாறே கிரான்மரின் பெயர் தாங்கி நிற்கின்றன. அந்தப் பக்கங்களை யாரேனும் கிழித்திருந்தால், மூன்று தலைமுறை வாசகர்களின் வரலாறு அத்தோடு போயிருக்கும்.

நீலகிரியின் ஈரக் காற்றில் நூல்களைக் காப்பது எளிதன்று. இக்கடையில் அலமாரிகள் சுவரை ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன. வெயில் அடிக்கும் நாள்களில் நூல்களைத் திண்ணையில் விரித்துவைத்துத் துடைக்கிறார்கள். ஆயினும் உள்ளறையில் பூஞ்சை வாடை இருக்கிறது, இராமபாணப் பூச்சி அரித்த நூல்களும் உண்டு. வாங்குமுன் நூலைத் திறந்து முதுகுப் பக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது. வெளிச்சம் போதாது. நூல்களில் விலை எழுதாததால் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. இதை அவர்கள் கட்டாயம் திருத்த வேண்டும். தமிழ் நூல்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையான வருத்தம். படுகர் வீடுகளிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாசிக்கப்பட்ட நூல்களையும் இவர் தேடி வாங்கினால் அந்த நோட்டு இன்னும் முழுமை பெறும்.

விலை நியாயமானது, பேரம் பேசத் தேவை நேரவில்லை. வாங்கும் நூல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால், நோட்டைப் பார்த்து ரசீதின் பின்புறம் எழுதித் தருகிறார். கேட்டு வாங்கி, அந்த ரசீதை நூலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.