வன்னி வெயிலில் விண்வெளி மணிக்கூடுகள்: கட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

விண்வெளிப் பயணங்களின் நினைவாக வரும் மணிக்கூடுகளைச் சேர்க்கிறவர்களில் பாதிப்பேர் அதைக் கட்டுவதில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தால் எல்லா மொடலும் நல்ல மொடல்தான். கையில் ஏறினால்தான் குறை தெரியும், வன்னியில் அது சீக்கிரமே தெரியும். சோளகம் அள்ளிவரும் செம்புழுதி, மாரியில் சுவரே வியர்க்கிற ஈரம், வருசம் முழுக்க ஆளின் வியர்வை.

தினமும் கட்ட மூன்ஸ்வொச் போதும். ஒமேகா, ஸ்வொச் என்ற சுவிஸ் மணிக்கூட்டு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 2022 மார்ச் 26 இல் சூரியன், சந்திரன், புளூட்டோவோடு சேர்த்துக் கோள்கள் என்று பதினொரு மொடல் விட்டன. உடல் பயோசெரமிக்: மூன்றில் இரண்டு பங்கு செரமிக், மிச்சம் ஆமணக்கெண்ணெயில் பிறந்த பிளாஸ்ரிக். வியர்வைக்கு அந்த உடல் துருப்பிடிக்காது, பாரமும் தெரியாது. தொல்லை பட்டியில்தான். வெல்க்ரோ என்பது விண்வெளி உடுப்புக்கு மேலால் சுற்றிக் கட்டப் பொருத்தமானது. இங்கே அதன் கொளுக்கியில் புழுதியும் நாயுருவி விதையும் ஏறி, கொஞ்ச நாளில் பிடிமானம் போய்விடும், மணமும் வரும். 20 மில்லிமீற்றர் நைலோன் பட்டி ஒன்றைப் போட்டுவிட்டு, அசலைக் கழுவி நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

பற்றரி மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். இதற்கு உரியது 394 இலக்க வெள்ளி ஒக்சைட் பற்றரி. ஊர்க் கடையில் அளவு சரி என்று ஏஜி9 அல்கலைன் பற்றரியைப் போட்டுத் தருவார்கள். மணிக்கூடு ஓடும், அதனால் ஆருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அல்கலைனின் வோல்ற்றளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், தீர்ந்தபிறகு உள்ளே விட்டால் கசியும். மூன்ஸ்வொச்சின் இயந்திரம் கழற்றித் திருத்துகிற வகை அல்ல, கசிந்தால் அதோடு சரி. எடுத்து வைக்கப்போகிற மணிக்கூடு என்றால் பற்றரியைக் கழற்றிவிட்டே வையுங்கள்.

அரிது என்ற சொல்லுக்கு இங்கே கவனமாக விலை கொடுக்க வேண்டும். முதல் பதினொன்றும் எண்ணிக்கை வரையறுத்து விட்டவை அல்ல. 2023 இல் பறுவ நாட்களில் விற்ற மூன்ஷைன் கோல்ட் (ஒமேகாவின் ஒருவகைப் பொன் கலவை) பதிப்புகள்தான் தேடப்படுகின்றன. முதல் பதிப்பில் வித்தியாசம் நீண்ட வினாடி முள்ளின் பொன் முலாம் மட்டும். முள்ளை மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆகவே சான்றுப் பத்திரம் இல்லாத ஒன்றுக்குச் சாதாரண மொடலின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

சோவியத் மணிக்கூடுகளில் ஏமாற்று இன்னும் அதிகம். 1961 இல் விண்வெளிக்குப் போன ககாரின் கட்டியிருந்த ஸ்ரூர்மான்ஸ்கி என்ற மொடல் கடையில் விற்றதல்ல, விமானப்படை ஆட்களுக்குக் கொடுத்தது. இணையத்தில் ககாரின் முகம் அச்சிட்டு மலிவாக வருபவற்றில் அநேகம் போபெடா என்ற பழைய சோவியத் மணிக்கூட்டின் இயந்திரத்துக்கு மேல் புது முகப்பு ஒட்டியவை. பத்து மடங்கு உருப்பெருக்கியில் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். மை தடித்து மேடு தட்டி நின்றால், அல்லது முகப்பு பளபளக்க முள் மட்டும் கறுத்திருந்தால், விட்டுவிடுங்கள். பின்மூடியைத் திறந்த படம் அனுப்ப மறுக்கிற விற்பனையாளரையும்.

அசலே கிடைத்தாலும் அதை வியர்க்கிற வேலைக்குக் கட்டக் கூடாது. அநேகமானவற்றின் உடல் பித்தளைக்கு மேல் குரோம். பட்டி பூட்டும் காதுகளுக்கு உட்புறத்தில் முலாம் முதலில் புள்ளி புள்ளியாக எழும்பும், பிறகு பச்சைக் களிம்பு. அடியில் முழு அகலத் தோல் வைத்த பட்டி கொஞ்சம் காப்பாற்றும். 3133 என்ற சோவியத் இயந்திரம் போட்ட, நிறுத்துமணிக்கூடாகவும் நேரமளக்கும் மொடலில், முள் ஓடிக்கொண்டிருக்க மீளமைப்புப் பொத்தானை அழுத்தவே கூடாது. நிறுத்தி, பிறகு அழுத்துங்கள்.

ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்ரர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: ஹெசலைற் என்ற பிளாஸ்ரிக் கண்ணாடி கீறுப்படும், ஆனால் அந்தக் கீறலை அழிக்கலாம். விளிம்பை ஒட்டுநாடாவால் மறைத்து, ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையைப் பருத்தித் துணியில் தொட்டு இரண்டு மூன்று நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் மெல்லிய கீறல் போய்விடும். நகத்தில் தட்டுப்படுகிற கீறல் போகாது. (1971 இல் அப்பல்லோ 15 இல் டேவிட் ஸ்கொற்றின் ஒமேகாவில் அந்தக் கண்ணாடியே கழன்று போக, அவர் மூன்றாவது நிலா நடைக்குச் சொந்தமான புலோவா மணிக்கூட்டைக் கட்டினார். அது 2015 இல் 16 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது.)

கசியோவின் ஜி-ஷொக் டிஜிற்றல் மணிக்கூட்டில் வெள்ளை நாசா பதிப்பு அடிபட்டு உடையாது, மஞ்சளாகும். வெயில் படாமல் வைப்பதைத் தவிர வழியில்லை. பற்றரி மாற்றிய பிறகு திரை வெறுமையாக இருந்தால் பழுதல்ல: உள்ளே ஏசி (AC) என்று குறித்த புள்ளியையும் பற்றரியின் மேற்புறத்தையும் உலோகச் சாமணத்தால் இரண்டு வினாடி இணைத்தால் உயிர் வரும்.

இனி பெட்டி. சேகரிப்பில் பெட்டியும் கடதாசியும் போனால் விலையும் போகும், வன்னியில் அவற்றுக்கு எதிரி கறையான். மண் தரையிலோ சுவரோடு முட்டியோ வைக்காமல், மூடியுள்ள தகரப் பெட்டியில் போட்டு மேசைமேல் வையுங்கள். மணிக்கூடுகளைத் தனியாக, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில், 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு. உள்ளே ஈரப்பதமானி 40 முதல் 50 வீதம் காட்டினால் சரி, 30 இற்குக் கீழே போனால் தோல்பட்டி வெடிக்கும். ஜெல்லின் செம்மஞ்சள் மணிகள் ஈரம் உறிஞ்சிப் பச்சையானதும் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கி ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். பூச்சிக்கென்று நப்தலின் உருண்டை மட்டும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்ரிக்குகளை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும்.