ஒரு சொல்லுக்கு ஒன்றரை மணித்தியாலம்

திருகோணமலை டவுனில் பின்னேர ஆங்கில வகுப்பு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று மாதமாகப் போகிறேன். குறையும் சொல்லப்போவதால் வகுப்பின் பெயரைப் போடவில்லை.

நான் சேர்ந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடு. உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். ஓட்டோவில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் கூலியைக் காட்டி 'எக்ஸோர்பிடன்ட்' (exorbitant) என்றார், நான் ஏதோ பாராட்டு என்று நினைத்து தாங்க் யூ சொல்லிவிட்டேன்.

வகுப்பில் இதைக் கேட்டதும் மிஸ் அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஓர்பிட்டா' என்றால் வண்டிச் சில்லு பதிந்த தடம், ஆக தடத்தை விட்டு விலகியது என்பதுதான் அடிப் பொருள். கோள் சுற்றும் 'ஓர்பிட்'டுக்கும் இதுதான் வேராம். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது விலைக்குச் சொல்லவில்லை, சட்டத்துக்குள் அடங்காத, நெறி தவறிய காரியத்துக்குத்தான் சொன்னார்கள். அளவு மீறியது என்ற பொருள் பிறகு ஏறியது. "நாங்கள் அநியாய விலை என்கிறதும் அதுதானே மிஸ்" என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு பெடியன் கேட்க, அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ மீன் சந்தையில் அம்மா சொல்லும் 'அறாவிலை' நினைவுக்கு வந்தது.

விலை, வாடகை, வட்டி, கட்டணம், ஒருவர் வைக்கும் கோரிக்கை, இவற்றுக்குத்தான் இது பொருந்தும், மழை கூடினால் சொல்வதில்லை. 'எக்ஸ்பென்சிவ்' என்றால் விலை கூட, அவ்வளவுதான், சாமான் அந்தக் காசுக்குத் தகுந்ததாகவும் இருக்கலாம். இது அப்படியில்லை, முகத்துக்கு நேரே வைக்கிற குற்றச்சாட்டு. முன்னால் 'வெரி' போடவும் தேவையில்லை, அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, குறைகள். நாலரை வகுப்பு ஐந்துக்குத்தான் தொடங்கும். முப்பது பேருக்கு ஒரு ஃபேன். மாதம் 3000 ரூபாய் நியாயம்தான், ஆனால் நோட்ஸ் போட்டோகொப்பிக்குத் தனியாக 200 வாங்குகிறார்கள். அந்த நோட்ஸில் இதே சொல்லுக்கு எக்ஸ் எழுத்துக்குப் பிறகு சும்மா ஒரு எச் கிடந்தது. ஆங்கிலேயரும் விடுகிற பிழைதான் என்று சமாளித்த மிஸ், பேனையை எடுத்து வெட்டச் சொன்னார்.