பக்கத்து வீட்டு விசிலும் நாலு செயலிகளும்

2023 ஐபிஎல் இறுதிப் போட்டி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஆட்டம். மே 29 இரவு தொடங்கி, தேதி 30 ஆன பிறகும் அகமதாபாத்தில் முடிந்தபாடில்லை. கடைசி 2 பந்தில் சிஎஸ்கேவுக்கு 10 ரன் வேண்டும். என் கைபேசியில் குஜராத் பந்துவீச்சாளர் மோஹித் சர்மா இன்னும் ஓடிவரவே ஆரம்பிக்கவில்லை, பக்கத்து வீட்டில் விசில் பறக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா "ஜட்டூ!!!" என்று போட்டுவிட்டார். அவர் வீட்டில் கேபிள், என்னிடம் இணைய நேரலை. ஜடேஜாவின் சிக்ஸும் ஃபோரும் என் திரைக்கு வந்தபோது எனக்கு அவை பழைய செய்தி.

அன்றிலிருந்து எந்தச் செயலியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: மேட்ச் ஓடும்போது என்னையும் மற்ற ரசிகர்களையும் இது ஒரே பந்தில் உட்கார வைக்கிறதா? ஹேஷ்டேக் போட்டால் பக்கத்தில் முளைக்கும் அணிச் சின்னம், முகத்தில் மஞ்சள் பூசும் ஃபில்டர் எல்லாம் கல்யாண வீட்டு வாசல் தோரணம். பந்தியில் என்ன பரிமாறுகிறார்கள் என்பதுதான் பேச்சு.

எக்ஸில் (எனக்கு அது இன்னும் ட்விட்டர்தான்) சரக்கு அதிகம். ஸ்பின்னர் எந்தப் பக்கத்திலிருந்து போடுகிறார், எதிரில் நிற்பவர் இடது கையா என்று இரண்டே வரியில் விளக்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த ஓவருக்குள் மீமும் தயார். ஆனால் செயலி தானே பொறுக்கித் தரும் 'உங்களுக்காக' பக்கத்தில் நேர வரிசை கிடையாது. பவர்பிளேயில் (முதல் ஆறு ஓவர்) ஒருவர் கொட்டிய கோபம், பரிசளிப்பு நடக்கும்போது வந்து நிற்கும். நேர வரிசை வேண்டுமென்றால் தேடலில் 'சமீபத்தியவை'க்கு நாமேதான் போய்ச் சேர வேண்டும். இத்தனைக்கும் சரியான யோசனை அவர்களிடமே இருந்தது. 2016இல் அமெரிக்கக் கால்பந்து லீகின் (என்எஃப்எல்) வியாழக்கிழமை ஆட்டங்கள் 10ஐ ட்விட்டரே நேரலையாகக் காட்டியது, படத்தோடு சேர்த்து ட்வீட்களும் ஓடின. அடுத்த ஆண்டே அந்த உரிமை அமேசானுக்குப் போனது. ஆட்டமும் பேச்சும் ஒரே பலகையில் என்ற எண்ணம் அதோடு ஓரங்கட்டப்பட்டது. மேட்ச்சைத் தாமதமாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல வசதி உண்டு: அணி, வீரர் பெயர்களை 24 மணி நேரத்துக்கு ம்யூட் செய்து வைக்கலாம்.

வாட்ஸ்அப் நேர்மாறு. அங்கே எல்லாம் வந்த வரிசையில்தான் நிற்கும், பேசுகிறவர்கள் அத்தனை பேரும் தெரிந்த முகங்கள். தோல்விக்கு யாரைத் திட்டினாலும் மறுநாள் மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும், அதனால் வாய் கொஞ்சம் அடங்கியே இருக்கும். சிக்கல் என்னவென்றால் எல்லாம் ஒரே அண்டாவில் விழுகிறது. பெரியம்மா போட்ட ரத்தப் பரிசோதனை முடிவு நாற்பது ஸ்டிக்கருக்கு அடியில் புதைந்துவிடும். டாஸுக்குத் திறந்து பரிசளிப்போடு மூடிக்கொள்ளும் ஒரு 'மேட்ச் அறை'யைக் குரூப்புக்குள்ளேயே கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதியை அணிகள் ஆர்வமாகப் பயன்படுத்துகின்றன. ரசிகர் அதில் எமோஜி வைக்கலாம், பதில் எழுத முடியாது. அறிவிப்புப் பலகைதான்.

இன்ஸ்டாகிராம் மறுநாள் காலைக் காப்பிக்கு. டிரெஸ்ஸிங் ரூம் வீடியோ, ரீல்ஸ், தோனி கையசைக்கும் படம் எல்லாம் அங்கே அழகு. மேட்ச் நேரத்தில் அதைத் திறந்து பயனில்லை.

தமிழில் கூட்டத்தோடு பார்த்த சுகம் கொஞ்சமாவது கிடைப்பது யூட்யூபில். அங்கே ரசிகர்கள் நடத்தும் நேரலையில், உரிமம் இல்லாததால் ஆட்டத்தின் படத்தைக் காட்ட முடியாது. தொகுப்பாளர் தன் வீட்டு டிவியைப் பார்த்துக் கத்துவார், நாம் அவரைப் பார்ப்போம், திரை ஓரத்தில் ஸ்கோர் மட்டும் இருக்கும். விவரித்தால் கேலிக்கூத்தாகத் தோன்றும், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. டீக்கடை பெஞ்ச்தான் அது. தமிழில் நீளமாகக் கிரிக்கெட் பேசினால் ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள் என்பதைச் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினே காட்டியிருக்கிறார். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் காபா மைதானத்தில் இந்தியா வென்ற பிறகு, இந்திய அணியின் அப்போதைய ஃபீல்டிங் பயிற்சியாளர் ஸ்ரீதருடன் தன் சேனலில் அவர் பேசியது ஒரு சாம்பிள்.

யூட்யூபை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் லைவ் சாட் ரீப்ளே. நேரலை முடிந்து மறுநாள் அந்த வீடியோவைப் போட்டாலும், அந்தந்த நொடியில் வந்த கமென்ட் அந்தந்த நொடியிலேயே ஓடும். என் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது. நாம் ஏற்கெனவே "18.4 பாத்தாச்சா?" (19ஆவது ஓவரின் 4ஆவது பந்து) என்று ஓவர் எண்ணை வைத்துத்தானே பேசுகிறோம். பந்துக்குப் பந்து ஸ்கோர் இணையத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு மெசேஜிலும் பந்து எண்ணை ஒட்டி, என் திரையில் அந்தப் பந்து விழும்வரை அதை மூடி வைத்தால் போதும். கேபிள்காரரும் நேரலைக்காரரும் ஒன்றாகக் கத்தலாம். இதைச் செய்கிற தளத்துக்கு நான் குடிமாறிவிடுவேன்.

வசவு விஷயத்தில் நாலில் எதற்கும் நல்ல மதிப்பெண் கிடையாது. 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்ற இரவு பந்துவீச்சாளர் ஷமிக்கும், 2022 ஆசியக் கோப்பையில் ஒரு கேட்ச்சை விட்டதற்காக இன்னொரு பந்துவீச்சாளர் அர்ஷ்தீப்புக்கும் இணையத்தில் விழுந்த வசவு நினைவிருக்கும். கேட்ச் நழுவிய நிமிடத்தில்தான் கமென்ட் குவிகிறது, அதையும் சேர்த்துத்தான் 'ரசிகர் ஈடுபாடு' என்று கணக்குக் காட்டுகிறார்கள். 2024 மகளிர் டி20 உலகக் கோப்பையில் வீராங்கனைகளின் பக்கங்களில் வரும் வசவை மறைக்க, போட்டியை நடத்தும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலே (ஐசிசி) தனியாக ஒரு மென்பொருளைக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலையை விருந்தாளி செய்திருக்கிறார்.

எங்கள் குரூப்பில் இப்போது ஒரு விதி: ஓவர் முடியும்வரை யாரும் எதுவும் எழுதக் கூடாது. சித்தப்பா கட்டுப்பட்டார், மூன்று மேட்ச்வரை. இப்போது எதுவும் எழுதுவதில்லை, ஒரே ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைக்கிறார். அதைப் பார்த்ததுமே விக்கெட் என்று தெரிந்துவிடுகிறது.