பழம்பொருள் வாங்கக் காரைக்குடியா, மட்டாஞ்சேரியா?

வீட்டில் புழங்கவும் அலமாரியில் வைக்கவும் சின்னச் சாமான் தேடுகிறவர்களுக்குக் காரைக்குடி. அலமாரியே வேண்டும் என்பவர்களுக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி. இரண்டுக்கும் போவதாக இருந்தால் காரைக்குடியை முதலில் முடியுங்கள். அங்கே நாலு கடை விலை காதில் விழுந்தபின் மட்டாஞ்சேரியில் பேரம் பேசச் சற்றுத் தெம்பு வரும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைப்பது பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணச் சீராகவும் கடல்கடந்த வியாபாரத்திலும் சேர்ந்த சரக்கு: எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பர்மா அரக்குப் பெட்டி, பித்தளை அண்டா. குவித்துப் போட்டிருப்பார்கள், பொறுமையாகக் கிளற வேண்டும். எனாமலை எடுத்ததும் அடியைத் திருப்புங்கள். சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகள் அங்கேதான் இருக்கும். முத்திரை தேய்ந்திருந்தால் பரவாயில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் துரு பொருமி விளிம்பைத் தூக்கியிருந்தால் வைத்துவிடுங்கள். அது மேலும் உதிரும். பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம். அதில் புளிக்குழம்பு, ஊறுகாய் வேண்டாம்.

வெண்கல உருளி இரண்டு ஊரிலும் உண்டு, ஏமாற்றும் இரண்டு ஊரிலும் உண்டு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. காதைப் பிடித்துத் தூக்கி விரல்முட்டியால் தட்டினால் நல்ல வெண்கலம் மணிபோல் இழுத்து ஒலிக்கும்; ‘டப்’பென்று அடங்கினால் விரிசலோ ஒட்டோ இருக்கிறது. பச்சைக் களிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். பொடியாகக் கையோடு வந்தால் அமிலம் தடவி வரவழைத்ததாக இருக்கக்கூடும்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பெருமை பழைய மசாலாக் கிடங்குகளில் அடைந்திருக்கும் தூண், கதவு, பெட்டகம். பார்க்க அது தனி உலகம்தான். ஆனால் புதிதாகச் செய்து பழசாக்கியதும் கூடவே நிற்கும். இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையைத் தடவுங்கள்: கையால் இழைத்த பலகை லேசாக மேடுபள்ளமாக இருக்கும், வட்ட வாள் அறுத்த வளைகோடு இருந்தால் யோசியுங்கள். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில்தான் வந்தது. ‘இருநூறு வருஷத்து’ப் பெட்டியில் அது இருந்தால் பின்னால் பழுதுபார்த்தது, அல்லது கதை. மரத்தில் பூச்சி அரித்த துளையருகே தட்டும்போது மாவுபோல் கொட்டினால் வண்டு இன்னும் உயிரோடிருக்கலாம்.

தெருமுனையிலுள்ள, 1568-இல் கட்டிய பரதேசி யூதக் கோயிலையும் பார்க்க நினைத்தால் வெள்ளி, சனியைத் தவிருங்கள்.

தின்பண்டத்தில் போட்டியே இல்லை. காரைக்குடியில் சீப்புச் சீடையும் மனகோலமும், மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும். மிளகில் நாலைத் தண்ணீரில் போடுங்கள்; மிதப்பது பொக்கு.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய கலைப்பொருளையும் 75 ஆண்டு தாண்டிய முக்கியச் சுவடியையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வயது சந்தேகமாக இருந்தால், ‘இது தொல்பொருள் அல்ல’ என்று தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்குங்கள். கடைக்காரர் எழுதித் தரும் ரசீது அதற்கு ஈடாகாது.