ஆதார் ஓடிபி கையெழுத்து: பெரியப்பா ஏற்காட்டிலிருந்து இறங்க வேண்டியதில்லை

செவ்வாய்பேட்டையில் எங்களுக்குக் காபித்தூள் கடை, கொட்டை வருவது ஏற்காட்டில் பெரியப்பா தோட்டத்திலிருந்து. சொந்தம்தான் என்றாலும் வருஷா வருஷம் விலை, எடை எல்லாம் எழுதி ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம், அந்த ஒரு கையெழுத்துக்காக அவர் முட்டிவலியோடு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவார். இந்தத் தடவை ஆதார் இ-சைன், அதாவது ஆதாரை வைத்து இணையத்திலேயே போடும் கையெழுத்து. ரொம்பத் திருப்தி.

பிடிஎஃப்-ஐ ஏற்றி, ஆதார் எண் கொடுத்தால் ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வருகிறது, அதைப் போட்டதும் அவர் பெயர், தேதி, நேரத்தோடு கையெழுத்து விழுந்துவிடுகிறது. அந்தக் கையெழுத்து இன்னாருடையது என்று காட்ட உருவாகும் டிஜிட்டல் சான்றிதழுக்கு ஆயுள் 30 நிமிடம்தான், கையெழுத்தைப் போடும் ரகசிய டிஜிட்டல் சாவியும் அப்போதே அழிந்துவிடும், அதனால் பத்திரப்படுத்த ஒன்றுமில்லை. ஒரே தொல்லை டவர். தோட்டத்துக்குள் ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது, ஏரிப் பக்கம் வந்து போட்டார். போன் எண் ஆதாரில் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

செல்லுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செல்லும். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதை ஏற்கிறது. உயில், அறக்கட்டளைப் பத்திரம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கூடாது. அப்புறம், முத்திரைத்தாள் கட்டணம் கட்ட வேண்டிய ஆவணத்துக்கு அதைக் கட்டித்தான் ஆக வேண்டும், கையெழுத்து எப்படிப் போட்டாலும். வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து வேர்டில் ஒட்டி அனுப்புகிறார்களே, அதில் யார் ஒட்டியது என்பதற்கே ஆதாரம் கிடையாது, தயவுசெய்து பணம் சம்பந்தப்பட்ட எதிலும் அதை ஏற்காதீர்கள்.

கம்பெனி நடத்துபவர்கள், டெண்டர் போடுபவர்களுக்கு பென்டிரைவ் மாதிரி இருக்கும் யுஎஸ்பி டோக்கனில் வரும் கிளாஸ் 3 டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், தேவைப்படும்; ரகசியச் சாவி அந்த டோக்கனுக்குள்தான் இருக்கும். நல்ல பொருள்தான், ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் டோக்கனையும் பின் நம்பரையும் சேர்த்து ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் விட்டுவைக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவே மாட்டேன் என்கிறது. கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு வருவதும் இதுவும் ஒன்று! சாவி கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவே சொல்கிறது. ஆடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, டோக்கனை வாங்கி வீட்டு பீரோவில் வையுங்கள், தாக்கல் செய்கிற அன்று கொண்டுபோய் நீங்களே பின் போடுங்கள்.

பிடிஎஃப்-ஐத் திறந்ததும் கையெழுத்தின் மேல் கேள்விக்குறி தெரிந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் உங்கள் கணினி அந்தச் சான்றிதழை இன்னும் நம்பப் பழகவில்லை என்பதுதான் விஷயம். கையெழுத்தின் விவரத்துக்குள் போய், சான்றிதழ் யார் கொடுத்தது என்று பார்த்து, நம்பகமான பட்டியலில் சேர்த்தால் பச்சை டிக் வந்துவிடும். அச்செடுத்த தாளில் இந்தச் சோதனை எதுவும் நடக்காது, அதனால் எதிராளிக்குக் கோப்பையே மெயிலில் அனுப்புங்கள், நீங்களும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.