மாதிரி வகுப்பில் வந்த ஆசிரியர் அதன்பிறகு வரவே இல்லை

கரிம வேதியியலுக்குத் தனிப்பயிற்சி தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 20 மணி நேரத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி, 14 மணி நேரம் உட்கார்ந்து, தேர்வில் கோட்டைவிட்ட பிறகு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

இணையவழிப் பயிற்சி நிறுவனம் அது. இலவச மாதிரி வகுப்பை எடுத்த அம்மையார் அருமையான ஆசிரியர். இரட்டைப் பிணைப்புள்ள ஓர் ஆல்க்கீனையும் ஹைட்ரஜன் புரோமைடையும் எழுதி, முதல் அம்புக்குறியை என்னையே போடச் சொன்னார். ஹைட்ரஜனிலிருந்து இரட்டைப் பிணைப்பை நோக்கிப் போட்டேன். தவறு என்று அவர் சொல்லவில்லை. "அம்பு எதன் நகர்வைக் காட்டுகிறது?" என்று கேட்டார். எலக்ட்ரான்களின் நகர்வை என்றேன். "ஹைட்ரஜனிடம் கொடுக்க எலக்ட்ரான் இருக்கிறதா?" என்றார். அதன்பிறகு ஒரு நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை. நானே அழித்தேன், இரட்டைப் பிணைப்பிலிருந்து தொடங்கி வரைந்தேன். பல மாதங்களாக மண்டையில் ஏறாத ஒன்று அந்த ஒரு நிமிடத்தில் ஏறியது. அன்றிரவே பணம் கட்டினேன்.

அடுத்த வகுப்பில் திரையில் வேறொருவர். கேட்டதற்கு, "அவருக்கு நேரம் ஒத்துவரவில்லை, இவரும் அதே தரம்தான்" என்றார்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

புதியவர் வேகமானவர். நான் கணக்கை அனுப்புவேன், அவர் திரையில் மளமளவென்று வரைந்து முடித்து, "புரிந்ததா?" என்பார். "புரிந்தது சார்" என்பேன். பொய் சொல்லவில்லை, புரிந்ததாகத்தான் இருந்தது. கரிம வேதியியலில் பெரிய ஆபத்தே இதுதான். எந்த எலக்ட்ரான் இணை முதலில் நகரும், எந்தக் கார்பனைத் தாக்கும் என்று முடிவெடுப்பதில்தான் பாடுபட வேண்டியிருக்கிறது. முதல் அம்பை இன்னொருவர் போட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வருவதுபோலத் தெரியும். 14 மணி நேரத்தில் ஒருமுறைகூட அவர் என்னை வரையவிடவில்லை.

சொல்லிக்கொடுத்ததாவது சரியா என்றால், அதுவும் இல்லை. "வலுவான கருக்கவர் பொருள் என்றால் எஸ்என்2, கண்ணை மூடிக்கொண்டு எழுது" என்று ஓர் அட்டவணை கொடுத்தார். எஸ்என்2 என்பது, எலக்ட்ரான் இணையைக் கொடுக்கும் கருக்கவர் பொருள் பின்புறமாக வந்து தாக்கி, வெளியேறும் தொகுதியின் இடத்தைப் பிடிக்கும் வினை. மூவிணைய ஹாலைடில் பின்புறத் தாக்குதலுக்கு வழியே இல்லாதபடி மூன்று ஆல்கைல் தொகுதிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2-புரோமோ-2-மெத்தில்புரோப்பேனுடன் ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் நடப்பது நீக்க வினை, கிடைப்பது 2-மெத்தில்புரோப்பீன். அவருடைய அட்டவணைப்படி நான் எழுதிவைத்ததோ ஆல்கஹால். பெர்ஆக்சைடு விளைவு, அதாவது பெர்ஆக்சைடு இருந்தால் ஆல்க்கீனில் சேரும் இடம் தலைகீழாவது, ஹைட்ரஜன் குளோரைடுக்கும் பொருந்தும் என்றார். பொருந்தாது, ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்தான்.

தேர்வில் 3-மெத்தில்-1-பியூட்டீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு வினைபுரிவதைக் கேட்டிருந்தார்கள். மார்கோவ்னிகாஃப் விதியை (ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போய்ச் சேரும்) போட்டு 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதிவிட்டு, அந்தக் கேள்வி கைக்குள் வந்துவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன். முதலில் உருவாகும் ஈரிணையக் கார்பன் நேரயனி அப்படியே நிற்பதில்லை. பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரைடு (தன் எலக்ட்ரான் இணையோடு ஒரு ஹைட்ரஜன்) நகர்ந்துவந்து, கூடுதல் நிலைப்புத்தன்மை கொண்ட மூவிணைய அயனி உண்டாகிறது. முதன்மை விளைபொருள் 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன். இதே கணக்கை ஐந்தாவது வகுப்பில் அவரிடம் அனுப்பியிருந்தேன். குறிப்பேட்டில் அவருடைய விடையைத்தான் பார்த்து எழுதியிருக்கிறேன், கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்பதாவது வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டேன். நெடுநேரம் பதிலில்லை. திடீரென்று ஒலி திறந்தது: "இல்லம்மா, நைட்ரோ தொகுதி இருந்தால் மெட்டா இடத்தில்தான் போய்ச் சேரும்." மெட்டா என்பது பென்சீன் வளையத்தில் ஓர் இடம்; நான் பென்சீனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் சட்டென்று ஒலியை அணைத்துவிட்டார். ஒருவருக்கு ஒருவர் என்று பணம் வாங்கிய அதே மணி நேரத்தில் இன்னொரு மாணவிக்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்த மாணவியும் முழுத் தொகை கட்டியிருப்பார் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மீதமுள்ள 6 மணி நேரத்துக்கான பணத்தைக் கேட்டேன். முதல் வகுப்பு முடிந்துவிட்டால் பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், பொடி எழுத்தில் இருந்தது. ஆசிரியரை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்பதும் அதற்கடுத்த வரியிலேயே இருந்தது.

அதனால், மாதிரி வகுப்பு எடுத்தவரே தொடர்ந்து வருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தமாகக் கட்டாமல் வகுப்புக்கு வகுப்பு கட்டுங்கள். அதற்கு ஒப்பாதவர்களிடம் போகாதீர்கள். முதல் நாளே, நீங்கள் தவறாகப் போட்ட ஒரு கணக்கைக் கொண்டுபோய் வையுங்கள். சரியான விடையை எழுதிக் காட்டுகிறாரா, உங்கள் விடையில் எந்த அம்பில் பிசகியது என்று தேடுகிறாரா என்று கவனியுங்கள். தேடுபவரிடம் மட்டும் படியுங்கள். விடையோடு பாடநூலில் இருக்கும் ஒரு கேள்வியை முன்கூட்டியே சரிபார்த்து வைத்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள். அதில் தயக்கம் வேண்டாம், பணம் உங்களுடையது.

இப்போது அந்த 14 வகுப்புகளின் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆறாவது வகுப்பு வரை வந்திருக்கிறேன். அதற்குள் தவறான வினைவழிமுறைகள் ஒன்பது.