முன்பல் இம்ப்ளான்ட்: ஆறு ஆண்டுகளில் ஈறு

வேர் சிகிச்சை செய்திருந்த என் மேல் முன்பல் நெடுக்காக விரிசல் விட்டதால், அதை எடுத்துவிட்டு 2019இல் இம்ப்ளான்ட் (தாடையெலும்பில் பதித்து, மேலே செயற்கைப் பல் பொருத்தும் டைட்டானியத் திருகு) வைத்துக்கொண்டேன். பல்லின் நிறம் பொருந்துமா என்பதே அப்போது என் கவலை, அது பொருந்திவிட்டது. கவலைப்பட்டிருக்க வேண்டியது ஈறைப் பற்றித்தான்.

முன்பல்லின் உதட்டுப் பக்க எலும்புச் சுவர் பெரும்பாலோருக்கு 1 மி.மீ. கூட இருப்பதில்லை. பல் போனதும் அது கரைய, ஈறும் உள்வாங்குகிறது. மெலிந்த ஈறின் வழியே டைட்டானியம் சாம்பலாகத் தெரியக்கூடும் என்பதால், அண்ணத்திலிருந்து சிறு திசுத்துண்டை எடுத்து ஈறுக்குள் வைத்துத் தைத்தார்கள். இம்ப்ளான்ட் வைத்த இடத்தைவிட அண்ணம்தான் அதிகம் வலித்தது. பத்து நாள் தயிர்சாதத்தில் ஓடியது.

எலும்பு பிடித்த பின் திருகி மாட்டிய தற்காலிகப் பல்லைப் பார்த்து, நிரந்தரப் பல் எப்போது என்று நச்சரித்தேன். உண்மையில் ஈறுக்கு வடிவம் கொடுத்தது அந்தத் தற்காலிகப் பல்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, ஈறுக்குள் மறையும் பகுதியில் காம்போசிட்டை (பல் நிறப் பிசின்) சற்றே சேர்த்தோ தேய்த்தோ மருத்துவர் மீண்டும் திருகுவார். உடனே ஈறு வெளுக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய நிறம் திரும்பாவிட்டால் அழுத்தம் அதிகம் என்று குறைப்பார். கையில் கண்ணாடியுடன் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருப்பேன். நான்கு மாதத்தில், தட்டையாகக் கிடந்த ஈறு பக்கத்து முன்பல்லின் வளைவைப் பிடித்தது. பல்லைக் கழற்றினால் சில நிமிடங்களிலேயே ஈறு சரியத் தொடங்கும் என்பதால், தற்காலிகப் பல்லின் அடிப்பகுதியை நகலெடுத்துச் செய்த துணையுறுப்பைத் திருகித்தான் நிரந்தரப் பல்லுக்கு அளவெடுத்தார்.

குறை ஒன்று உண்டு. இரு பற்களுக்கிடையே முக்கோணமாக நிற்கும் ஈறு இடுக்கை நிரப்புவதற்குப் பக்கத்துப் பல்லின் எலும்பு தாங்க வேண்டும். பற்கள் தொடும் இடத்திலிருந்து அந்த எலும்பு 5 மி.மீ.க்குள் இருந்தால் இடுக்கு பெரும்பாலும் நிரம்பிவிடும். எனக்கு ஒரு பக்கம் எலும்பு அதைவிடத் தள்ளியிருந்ததால், எள்ளளவு கறுப்பு இடைவெளி விழுந்து, கீரை சாப்பிட்டால் அதில் சிக்கியது. பல்லை அகலமாக்கி அதை மூடலாம் என்றார்கள். முன்பல் பட்டையாகத் தெரியும் என்று மறுத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளில் ஈறு தானாகவே வளர்ந்து இடைவெளியில் பாதியை நிரப்பியது, முழுதும் மூடவில்லை.

தினமும் சூப்பர் ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்), ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், பராமரிப்பு அவ்வளவே. அண்மையில் சுத்தம் செய்ய வந்த புதிய மருத்துவர், இரண்டில் எது இம்ப்ளான்ட் என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அந்த எள்ளைக் கண்டு அவரே தெரிந்துகொண்டார்.